தொண்டை இயல்பாக உள்ளது

முகங்கள் எனக்கு மனதில் நிற்பதில்லை, தொண்டைகள் நிற்கும். ஸ்கேன் படம் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவனுக்கு அது பெரிய குறை அல்ல. லிஃப்டில் ஒருவர் வணக்கம் சொன்னால், தைராய்டு மேல்நோக்கி வால் விட்டிருந்தவர் இவர்தானோ என்று யோசிப்பேன். சிலருக்குக் காதடி எலும்பு இரண்டு விரற்கடை நீண்டிருக்கும். எதுவும் நோயல்ல, பிறவி அமைப்பு. இருந்தாலும் ஒன்றுவிடாமல் எழுதிவந்தேன்.

அக்காவின் கணவர் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே அறுவை மருத்துவர். வாராந்தரக் கூட்டத்தில் என் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

"ரிப்போர்ட் கேட்டா தொடர்கதை எழுதியிருக்கான் பாருங்க. டேய் மச்சான், நோய் இருந்தா சொல்லு. இல்லேன்னா இயல்புன்னு ஒரு வரி போட்டுட்டுப் போயேன்டா."

"கதையில யாராவது சாகுறாங்களா சார்?" என்றார் மயக்க மருத்துவர்.

நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகைச்சுவை நன்றாகவே இருந்தது.

மூன்று வாரம் கழித்து, பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் பெண் ஒருத்தி வந்தாள். டான்சிலில் அடிக்கடி சீழ், அத்தான்தான் எடுக்கப்போகிறார். படத்தைப் பார்த்தேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், கழுத்தோரமாகப் போகாமல் வளைந்து வந்து டான்சிலின் முதுகில் சாய்ந்திருந்தது. இடைவெளி இரண்டு மில்லிமீட்டர். இதுவும் நோயல்ல. கத்தி போகாதவரை நூறு வயது வாழலாம்.

"எல்லாம் சரியா இருக்கா சார்?"

"இயல்பாத்தான் இருக்கும்மா."

"ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் மாறிடுமா? அதான் எனக்குச் சோறு போடுது."

"மாறாதும்மா."

இரண்டு பதிலிலும் பொய் இல்லை. அறிக்கையிலும் இல்லை, கேட்டபடியே ஒரு வரி. அத்தான் படத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவள் அறுவை மேசையிலேயே இறந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஒரு வரியில் எவ்வளவு அடங்கும் என்று அத்தானுக்குக் காட்டவேண்டியிருந்தது. வரிசையில் அவள் வந்தாள்.

அக்கா போன் செய்தாள். "உங்க அத்தான் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கார்டா. ஒரு வாய் சாப்பிடல. நீ வந்து பேசேன்." போனேன். ஆறுதல் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

இப்போது என் வக்கீல், "பார்க்கத் தவறிட்டேன்னு சொல்லுங்க தம்பி, கவனக்குறைவுன்னு லேசா முடிச்சிடலாம்" என்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் நீதிபதி ஐயா, அந்தச் சொல் நீங்கள் எழுதும் வாக்குமூலத்தில் ஏறக் கூடாது. ஆறு வருடத்தில் நான் எதையும் பார்க்கத் தவறியதில்லை. குழாயைப் பார்த்தேன், அளந்தேன், அறிக்கையில் எச்சரிக்கையைத் தட்டச்சும் செய்தேன். அறுவை செய்பவர் பெயரைப் பார்த்தபின் அழித்தேன். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் வேண்டாம். இந்தத் துறையில் எனக்கென்று ஒரு நல்ல பெயர் இருக்கிறது.