பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில்

— இது என்னடி, முகம் பாக்குற கண்ணாடி மாதிரி மின்னுது?

— தேய்ச்சேன்.

— எதைத் தேய்ச்சே?

— அதைத்தான். உங்க பைலட் தகட்டை.

— அய்யய்யோ! அடியே, இந்த வீட்ல எத்தனை சாமான் கெடக்கு! கட்டிலுக்கு அடியில ப்ரொப்பல்லர், பீரோ மேல பெட்ரோல் டேங்க்... எதையும் தொடாதவ, இன்னைக்குன்னு பாத்து இதைத் தொட்டியா?

— தொடாதவளா? தினம் அந்த ப்ரொப்பல்லர்ல கால் இடிச்சுக்கறவளே நான்தான்.

— கிண்டல் பண்ணாதே, வயிறு எரியுது. பழைய இரும்புக் கடையில ஓட்டை வாளிக்கு மூடியாக் கெடந்துச்சு இது. ரிவெட் வரிசையைப் பாத்தே போர் விமானத்தோடதுன்னு பிடிச்சேன். பின்னாடி குத்தியிருந்த நம்பரை வச்சு எந்த விமானம்னு பிடிச்சேன். அதோட விழுந்து செத்த பைலட் யாருன்னு பிடிச்சேன்...

— பால்காரர்கிட்ட கூடச் சொல்லிட்டீங்க. எனக்கு மனப்பாடம்.

— அந்தப் பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில ஆணியால கீறின எழுத்து இருந்துச்சுடி! டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சா தழும்பு மாதிரி தெரியும். சொந்தக்காரங்க முன்னாலதான் உரிக்கணும்னு நகம் படாம வச்சிருந்தேன். ‘உங்கப்பா கையெழுத்தை உன் கண்ணு முன்னாடி காட்டறேன்மா’ன்னு சேதி கேள்விப்பட்டு தானே கூப்பிட்ட பைலட் பொண்ணுக்கு போன்ல வாக்குக் குடுத்திருக்கேன். இப்ப வந்துக்கிட்டு இருக்கா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவளைப் பாப்பேன்?

— கத்தாதீங்க. புத்தி கெட்டுப் போய் ஒண்ணும் நான் தேய்க்கல.

— பின்னே?

— பெயின்ட் உரிக்கிற மருந்து டப்பாவைத் தெறந்து வச்சுட்டு பிஸ்கட் வாங்கப் போனீங்க. கை பட்டு அது தகடு மேல கொட்டிடுச்சு. துணியால தொடைச்சேன். பெயின்ட்டு தோல் மாதிரி சுருண்டு வந்துச்சு. எழுத்து தெரிஞ்சுது.

— படிச்சியா?

— படிச்சேன். ஒரு பொம்பளை பேரு. பக்கத்துலயே ‘என் உசிரு’ன்னு.

— பொண்டாட்டி பேரா இருக்கும்டி, மக்கு!

— இல்லைங்க. விமானம் விழுந்தப்ப வந்த பழைய பேப்பரை நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க? ‘கணவரை இழந்த மனைவி’ன்னு படமும் பேரும் போட்டு. அந்தப் பேரு வேற, இந்தப் பேரு வேற. ஒரு எழுத்து கூட ஒட்டல.

— அடப்பாவி மனுஷா!

— அப்பா கையெழுத்தைப் பாக்க ஆசை ஆசையா ஓடி வர்றா. அவ கையில, ‘இந்தாம்மா, உங்கப்பாவோட கள்ளக் காதல்’னு குடுக்கச் சொல்றீங்களா? உப்புத்தாளை எடுத்தேன். கை வலிக்கத் தேய்ச்சேன்.

— உன்னைப் போய் மக்குன்னு சொன்னேனே. எனக்குத்தான் அறிவில்ல.

— அது இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா? விடுங்க. அவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?

— எழுத்தே இல்ல, வெறும் கீறல், நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லிடறேன். பெரிய நிபுணன்னு வாயாடினவனுக்கு மானம் போகும். போகட்டும்.

— பெல் அடிக்குது. வேர்வையைத் தொடைச்சுட்டுப் போங்க.

— வாம்மா, வா. பாத்து, பாத்து, அது ப்ரொப்பல்லர்...

— ஸ்ஸ்! பரவால்ல சார். எங்க சார் அது?

— இதான்மா. ஆனா... போன்ல பெருசா அளந்துட்டேன், மன்னிச்சுக்கோ. பெயின்ட்டை எடுத்துப் பாத்தா எழுத்து இல்ல, கீறல். சரி, பளபளன்னாவது குடுப்போம்னு தேய்ச்சு வச்சேன்.

— இதுல என் மூஞ்சிதான் சார் தெரியுது.

— என் தப்புதான்மா.

— ஒரு பேரு? பாதிப் பேரு? முதல் எழுத்து மட்டுமாவது?

— இல்லம்மா.

— அக்கா, நீங்களும் பாத்தீங்களா? நல்லாப் பாத்தீங்களா?

— பாத்தேன்மா. ஒண்ணும் இல்ல.

— சரி. அப்ப எல்லாரும் சொன்னதுதான் நெசம்.

— யாரு என்னம்மா சொன்னாங்க?

— அப்ப பேப்பர்ல படத்தோட வந்தாங்களே சார், அவங்க எங்கம்மா இல்ல. எங்கம்மா பேரு எந்தப் பேப்பர்லயும் வரல. நான் வயித்துல இருக்கும்போது அவர் சொன்னாராம், ‘உன் பேரை என் மூக்குக்கு நேரா ஆணியால கீறி வச்சிருக்கேன், தினம் உன்னோடதான் பறக்குறேன்’னு. மேலதிகாரி திட்டி, அதும்மேல பெயின்ட் அடிக்க வச்சுட்டாராம். அம்மா இதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. யாருக்கோ பெத்துட்டு, செத்த பைலட் தலையில கட்டுறாளேன்னு. சின்னப் புள்ளையில நானும் சேந்து சிரிச்சிருக்கேன்.

— அம்மா... இப்ப இருக்காங்களா?

— கீழ கார்ல இருக்காங்கக்கா. முட்டி வலி, படி ஏற முடியல. எடுத்துட்டு வந்து காட்டுறேன்னு சொன்னேன். மூக்குக் கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. போய்ச் சொல்லிடறேன், அவர் உன்கிட்ட பொய்தான் சொல்லியிருக்காரும்மான்னு. அக்கா? என்னக்கா இது... இல்லாத பேருக்குப் போய் நீங்க ஏன் அழறீங்க?