மாமாவின் காது

முதலில் நான் அணைத்தது ஃபிரிட்ஜைத்தான். அதற்கு யாரும் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. பால் திரிந்தது, மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதோடு சரி.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆதி என்றால் மௌஸ். இரவு ஷிப்ட் வேலையை உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்த முதல் வாரம், கணினியில் பாட்டுப் போட்டேன். மௌஸை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் சன்னமாக 'சிர்ர்' என்றது. கையை எடுத்தால் நின்றது. ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அதுதான் கேட்கும், பாட்டு கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூக்கை உறிஞ்சுவதைப் போல.

விசாரித்தேன். கணினிக்குள் ஓடும் மின்சாரத்தின் இரைச்சல் அது என்றார்கள். பாட்டை யூஎஸ்பி வழியாக வெளியே எடுத்து, தனிப் பெட்டி ஒன்றில் ஒலியாக மாற்றினால் போய்விடுமாம். பெட்டி வாங்கினேன். சோப்பு டப்பா அளவு, முன்னால் பச்சை விளக்கு. செருகியதும் விளக்கு எரிந்தது. பாட்டில் ஒரு தெளிவு வந்ததை உடனே உணர்ந்தேன். ஆனால் அடியில் அந்தச் சிர்ர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

விட்ட குறை விடாது துரத்தும் என்பார்கள். யூஎஸ்பி கேபிளைக் குட்டையாக மாற்றினேன். அதன் கழுத்தில் இரைச்சலைத் தடுக்கும் இரும்புத்தூள் உருளை ஒன்றை மாட்டினேன். கணினியின் முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத் துளைக்குப் போனேன். பெட்டிக்குத் தனி மின்சாரம் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒலி ஒரு படி ஏறியது. ஃபிரிட்ஜ், மின்விசிறி, டியூப்லைட், போன் சார்ஜர் எல்லாம் அடங்கிய பிறகு இன்னும் ஏறியது.

"ஏங்க, இது வீடா, குகையா?" என்றாள் மனைவி, இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டு.

"கண்ணை மூடிக் கேட்டுப் பாரு," என்றேன்.

"தொறந்து வச்சாலும் ஒண்ணும் தெரியல."

அவள் காலை எட்டரைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். அதுவரை வீட்டில் நானும் மாமனாரும். அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. வேலை இல்லாத மருமகனுக்கு இது நியாயமான ஏற்பாடு என்றுதான் இப்போதும் சொல்வேன்.

மாமா முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவிலும் கடைசி சீட்டில் சில்லறை விழுந்தால் அது எந்தக் காசு என்று சொன்ன காது அவருடையது. நுரையீரல் மட்டும் போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், சக்கரம் வைத்த பெட்டி அளவு. அறைக் காற்றை இழுத்துச் சலித்து, குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பும். சும்மா அனுப்பாது. உறுமும். நாலைந்து விநாடிக்கு ஒருமுறை 'புஸ்' என்று பெருமூச்சு வேறு விடும். வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே சத்தம் அது.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "எந்நேரமும் ஓடணும். குளிக்கிறப்போ வேணா ரெண்டு மூணு நிமிஷம் எடுக்கலாம்." குளியலுக்கு இடம் உண்டென்றால் சங்கீதத்துக்கு இல்லாமலா போகும்? அதிலும் மாமா இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் குளிப்பார். நிமிஷங்கள் மிச்சம் இருந்தன.

பரீட்சை வைப்பவனே விடை எழுதக் கூடாது. எந்தக் கேபிள் ஒலிக்கிறது என்று தெரியாத ஒரு காது எனக்குத் தேவைப்பட்டது. ஸ்பீக்கரை அவர் அறை வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

"மாமா, ஒரே பாட்ட ரெண்டு தடவ போடுறேன். எது நல்லாருக்குன்னு சொல்லுங்க."

"ஒரே பாட்டு எதுக்கு மாப்ள ரெண்டு தடவ? டிக்கெட் எடுத்தவன்கிட்டயே திரும்ப டிக்கெட் கேக்குற மாதிரி இருக்கே."

சிரித்தார். இருமினார். நல்ல மனுஷர். அனுமதி கேட்டுத்தான் மெஷினை அணைத்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம். "ரெண்டாவது கொஞ்சம் தெளிவு. மெஷினப் போடுங்க," என்றார். இரண்டாவதில் இருந்தது புதுக் கேபிள்தான். எனக்குப் புல்லரித்தது.

அடுத்த நாள் கொஞ்சம் முறைப்படுத்தினேன். பழசு, புதுசு, மறுபடி பழசு. அப்போதுதான் ஒப்பீடு கறாராக இருக்கும். ஒன்பது நிமிடம் ஆயிற்று. மெஷினைச் சுவரிலிருந்து பிடுங்கினால் ஊரைக் கூட்டிக் கத்தும். அதன் முதுகில் இருக்கும் சுவிட்சில் அணைத்தால் கத்தாது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட அவர் விரலில் மாட்டியிருந்த கிளிப், எண் இறங்க இறங்கக் கீச்சிட்டது. சரியாகப் பாட்டின் மெல்லிய இடத்தில்தான் கீச்சிடும். அதைக் கழற்றி மேஜை டிராயரில் பத்திரமாக வைத்தேன். அவர் என்னைக் கூப்பிட ஒரு ஒயரில்லா மணி இருந்தது. அதுவும் அலைவரிசையில் இயங்குவதுதானே. பேட்டரியை எடுத்தேன்.

மாமாவின் ரசனை கண்ணெதிரே வளர்ந்தது. ஆரம்பத்தில் யோசித்துச் சொல்வார். ஒரு வாரத்தில் பாதிப் பாட்டிலேயே கையைத் தூக்கினார். "அருமை மாப்ள... அருமை... போதும்." இரண்டாவது வாரம் பாட்டு தொடங்கும் முன்பே "இதுதான் நல்லாருக்கு" என்றார். அத்தனை கூர்மை. எந்தக் கேபிள் என்று எனக்கே நினைவில்லாத சமயத்திலும் அவர் உறுதியாகச் சொன்னார். உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. ஜன்னல் திரை நீலம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்பா சாயங்காலமானா ரொம்ப சோர்ந்து போறாரே, மத்தியானம் தூங்கலையா?" என்று மனைவி கேட்டாள்.

"பாட்டுக் கேட்டார்," என்றேன். பொய் சொல்லவில்லை.

மாமா அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். நானும் யோசித்தேன். ஒருநாள் அவரே சொன்னார்: "வேலையில்லாம இருக்கீங்க. இதுலயாவது ஜெயிக்கட்டும்னு நெனச்சேன்." தாராள மனசு. அதையும் மெஷினை அணைத்து வைத்திருந்த நேரத்தில்தான் சொன்னார், விட்டு விட்டு.

பதினேழாம் நாள் மதியம் வெள்ளி பூசிய கேபிள் வந்தது. அதற்குச் சின்னப் பாட்டு போதாது என்று இருபத்திரண்டு நிமிட ஆலாபனை ஒன்றைப் போட்டேன். மாமா பத்தாவது நிமிடத்தில் கண்ணை மூடினார். கை கட்டிலின் சட்டத்தைத் தட்டியது. தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். தாளம் கொஞ்சம் தப்பிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அதுவும் நின்றது. அப்படி ஒரு நிசப்தத்தை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி போட்டேன். ஆமாம், மெஷினைப் போடவில்லை. மறக்கவில்லை, போடவில்லை. பாதியில் மனைவி வந்துவிட்டாள். அன்றைக்கு அரை நாள் லீவாம்.

ஆம்புலன்ஸ் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

மூன்றாம் நாள் மைத்துனன் வந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். அக்காவிடமிருந்து கேட்ட கதையோடு, அடிக்க வந்தவன் மாதிரி நின்றான். பிறகு என்ன தோன்றியதோ, நாற்காலியை இழுத்துப் போட்டு என் கணினியைத் திறந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"அத்தான், இந்தப் பெட்டிய என்னைக்கு வாங்குனீங்க?"

"நாலு மாசம் ஆச்சு."

"செருகினா மட்டும் போதுமா? செட்டிங்ஸ்ல இதத் தேர்ந்தெடுக்க வேணாமா? பாட்டு இன்னிவரைக்கும் கம்ப்யூட்டரோட பழைய ஓட்டையிலதான் வருது. பின்னாடி அந்தப் பழைய ஒயரக்கூடப் பிடுங்கல நீங்க. இந்தப் பெட்டி வழியா ஒரு பாட்டுகூடப் போகல."

"பச்சை விளக்கு எரியுதே?"

"கரண்ட் வந்தா எரியும் அத்தான்." அவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "எங்கப்பாவ வச்சு எதைய்யா டெஸ்ட் பண்ணீங்க?"

அவன் கோபத்தில் இருந்தான். கோபத்தில் இருப்பவனுக்கு நுணுக்கம் பிடிபடாது. கேபிள் செருகியிருந்தாலே சுற்றிலும் உள்ள மின்சாரம் சுத்தமாகும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

மாமா பிழைத்துக்கொண்டார். நேற்று உங்கள் காவலரோடு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டினீர்கள். முகமூடியை லேசாக விலக்கி அவர் சொன்னது உங்கள் ஏட்டிலும் இருக்கும். "ஒரு நாளும் ஒரு வித்தியாசமும் தெரியல மாப்ள. எல்லாம் ஒண்ணுதான். மூச்சு வேணும்னுதான் சொன்னேன்."

நீங்கள் அதை எனக்கு எதிரான சாட்சியம் என்கிறீர்கள். அவர் தலைமாட்டைக் கவனித்தீர்களா? இரண்டு மெஷின், ஒரு மானிட்டர், மேலே மின்விசிறி. அந்த இரைச்சலில் எந்த மனிதனுக்கு வித்தியாசம் தெரியும்? என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அவரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு பாட்டு கேட்கட்டும். உண்மையை அவர் வாயாலேயே சொல்லிவிடுவார்.