கை நனைத்த வீடு

அன்று மதியம் எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. யாரையாவது விட்டுவிட்டேன் என்று பிறகு பேச்சு வரக்கூடாது. நான், தாமோதரன். என் மகன் கலைச்செல்வன். என் மகள் கீர்த்தி. அவளுக்காகத்தான் அன்றைய ஏற்பாடு. வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் முத்துகிருஷ்ணன், அவர் மனைவி கீதா. தங்கள் பையனுக்குக் கீர்த்தியைக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். பையன் வரவில்லை. தோட்டத்துப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டு சரசு; ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள். பிறகு, என் மருமகள் இளமதி. அவளும் வீட்டில்தான் இருந்தாள்.

டீ வேண்டாம். நான் வெளியில் எதுவும் குடிப்பதில்லை.

எங்கள் வீட்டில் மாதச் சாமான் வாங்குகிற வழக்கம் கிடையாது. வருஷச் சாமான்தான். அறுப்பு முடிந்ததும் நெல்லை அவித்து, காயவைத்து, அரைத்து மூட்டை கட்டுவோம். அந்த அரிசி ஒரு வருஷம் பழசான பிறகுதான் உலைக்கு வரும். துவரையைச் செம்மண் கட்டி வெயிலில் போட்டு உடைப்போம். புளியைக் கொட்டை நீக்கிக் கல்லுப்பு சேர்த்துச் சாடியில் அழுத்துவோம். உளுந்தில் வேப்பிலை, மிளகாயில் வசம்பு. எல்லாம் உக்கிராண அறையில் அதனதன் இடத்தில் இருக்கும். சமையல் பெண்களுடையது. உக்கிராணத்தின் சாவி என் இடுப்பில். என் மனைவி உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

கொரோனாவில் கடைகளைச் சாத்தியபோது உத்திரமேரூர் மளிகைக்கடை வாசலில் வட்டம் போட்டு ஆட்களை நிற்கவைத்தார்கள். எங்கள் வீட்டார் ஒருவரும் அந்த வட்டத்தில் போய் நிற்கவில்லை. ஊரில் அரிசி இல்லாதவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அளந்து கொடுத்தேன். திருப்பிக் கேட்கவில்லை. வாலாஜாபாத்துக்காரர்கள் எங்களைத் தேடி வந்ததற்கும் அந்தப் பேர்தான் காரணம். அரிசி விற்கிறவர்கள் அரிசி சேர்த்து வைக்கிற வீட்டை மதிப்பார்கள்.

இளமதிக்கு இது பிடிபடவில்லை. திருமுக்கூடல் பெண். ஏனாத்தூர் கல்லூரியில் படித்தவள். மரியாதை தெரியாதவள் என்று சொல்ல மாட்டேன். எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

“இன்னா மாமா, நாலு பேர் துன்ற வூட்டுக்கு ஒரு படை துன்ற அரிசி வச்சிக்கினு கீறீங்க. போன் பண்ணா வாசல்ல கொண்டாந்து எறக்கிட்டுப் போறான். இதுல வண்டு வுயுந்தா இன்னா பண்ணுவீங்க?”

“இந்த வூட்ல வண்டு வராதும்மா.”

“வண்டு உங்களக் கேட்டுக்கினா வரும்?”

அதற்குக் கீர்த்தியும் சிரித்தாள். அது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள், சரசு முறத்தோடு என்னிடம் வந்து நின்றாள்.

“பெரிய்யா, இந்த மூட்டைல வண்டு கீது.”

“மெல்லப் பேசு.”

“மெல்லப் பேசுனா அது போய்டுமா? மாடில கொட்டிக் காய வைங்க. வெயில் பட்டா ஓடிடும்.”

வெயில் இல்லை. இருந்திருந்தாலும் கொட்டியிருக்க மாட்டேன். மாடியில் அரிசியைப் பரப்பினால் எதற்கு என்று தெருவுக்கே தெரியும். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் நேரம். மூட்டையைத் தூக்கி எறிந்தால் இளமதி பார்ப்பாள். விட்டால் மற்ற மூட்டைகளுக்கும் பரவும். சரசுவிடம் யாரிடமும் சொல்லக்கூடாது என்றேன். நெல் கிடங்கில் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் போய் மாத்திரை வாங்கினேன். ஆலைகளில் மூட்டை அடுக்குக்குள் வைத்து மூடுகிற மாத்திரை. ஈரக்காற்று பட்டால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத விஷவாயு வரும். அந்த ஆள் சொல்லித்தான் கொடுத்தான்.

“வூட்ல வைக்கிற சாமான் இல்லீங்க இது. வச்சா பக்கத்து ரூம்ல கூட ஆள் படுக்கக் கூடாது. தெறந்து நல்லா காத்தாட வுட்டுட்டுதான் உள்ள போவணும்.”

நான் கேட்டுக்கொண்டேன். ஆகவே அறியாமல் செய்தான் என்று எழுத வேண்டாம்.

வைத்தேன். கதவிடுக்கில் ஈரச்சாக்கு திணித்தேன். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. உக்கிராணத்துக்கும் மகன் படுக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவர் ஓடுவரை ஏறாது. மேலே கை நுழைகிற அளவு சந்து உண்டு. அதிலும் துணி அடைத்தேன். துணி போதாது என்று தெரியும். அதனால் மகனிடமும் மருமகளிடமும், உங்கள் அறையில் ஓடு ஒழுகுகிறது, சரி செய்யும்வரை கூடத்தில் படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மழைக்காலம், நம்பினார்கள். ஒழுகவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் இளமதி அந்த அறைப் பக்கமே போயிருக்க மாட்டாள். ஆனால் வண்டு என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அடுத்த வாரம் வருவதாக இருந்த வாலாஜாபாத்துக்காரர்கள், நாள் நன்றாக இருக்கிறது, இந்த ஞாயிறே வருகிறோம் என்று போன் செய்தார்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள். சரி என்றேன். சமையலுக்கு வேண்டிய நல்ல அரிசியை முன்பே வெளியில் எடுத்து வைத்திருந்தேன். உக்கிராணக் கதவைத் திறக்காமலே சமாளித்துவிடலாம் என்று எண்ணினேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சோற்றில் கை வைத்துவிட்டால் முடிந்தது, பெண் அவர்களுடையவள். வைக்காமல் எழுந்தால் ஏன் எழுந்தார்கள் என்று ஊர் பத்து வருஷம் பேசும்.

இலை போட்டோம். பரிமாறியாயிற்று. இளமதி விடியும் முன்பிருந்து அடுப்படியில் நின்றவள். கீர்த்தி அவளிடம், “அண்ணி, நீங்க செத்த படுங்க, நான் பாத்துக்கறேன்” என்பது காதில் விழுந்தது. கூடத்தில் விருந்தினர். அவளுக்குப் படுக்க வேறு இடம் இல்லை. அன்று மழையும் விட்டிருந்தது. ஒழுகாது என்று நினைத்திருப்பாள். என் எதிரே நடந்து போய் அந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

முத்துகிருஷ்ணனின் கை அப்போது அவர் தொடைமேல் இருந்தது. இலையைத் தொடவில்லை.

நான் எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அவளுக்கு மெல்லப் பேச வராது. அவர் கை வைக்கட்டும், பிறகு எழுப்பலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் கை வைத்தார். பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு சிரித்தார்.

“மில்லுக்காரன் வூட்லதான் சோத்துல கல்லு இருக்கும். உங்க சோறு பூ மாரி கீது.”

அப்போதுதான் கீர்த்தி, “இன்னா நைனா, அழுவுன பூண்டு நாத்தம் அடிக்குது?” என்றாள். கீதா அம்மாள் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனார். முத்துகிருஷ்ணன் கையை இலையில் நிறுத்தினார். முப்பது வருஷம் ஆலையில் நின்றவருக்கு அந்த வாடை தெரியாமல் இருக்குமா? சாக்கு திணித்த உக்கிராணக் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, “மழைக்கு எலி உள்ள பூந்து செத்துடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்தார். என் முகத்தைக் காப்பாற்றினார். பக்கத்து அறையில் ஆள் படுத்திருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பாயசம் வந்தது. கை கழுவியதும் அவர் முதல்முறையாக என்னை “சம்மந்தி” என்று கூப்பிட்டார். அந்தச் சொல்லுக்குப் பிறகு எழுந்து போவது இன்னும் கடினமாகிவிட்டது. ஒருமுறை முயன்றேன். தாம்பூலத் தட்டு எடுக்க அண்ணியைக் கூப்பிடு என்று கீர்த்தியிடம் சொன்னேன். அவள் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“தூங்கிக்கினு கீறாங்க நைனா. பாவம், வுடுங்க.”

“தூங்கட்டும்மா, காலைலேந்து நின்ன கால்ல நின்னுக்கினு கீது பொண்ணு” என்றார் கீதா அம்மாள்.

விருந்தாளி சொன்ன பிறகு மறுத்துப் பேசுவது முறை இல்லை. மண்டபம் பற்றிப் பேசினோம். தை மாதம் என்று முடிவு செய்தோம். வெகுநேரம் பேசினோம்.

இளமதி தானாகவே எழுந்து வந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். “நெஞ்ச அடைக்குது மாமா” என்றாள். புருஷனிடம் சொல்லவில்லை, கதவுக்கு அருகில் இருந்தவன் நான்.

முத்துகிருஷ்ணனின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன வயசு டாக்டரம்மா. வீட்டுக்குப் பெரியவர் என்பதால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எலி மருந்து, பூச்சி மருந்து, வண்டு மாத்திரை, ஏதாவது வீட்ல இருக்கா? இருந்தா இப்பவே சொல்லுங்க ஐயா, மறைக்காதீங்க.”

முத்துகிருஷ்ணன் என் பக்கத்தில் நின்றார். என் முகத்தையே பார்த்தார். நான் சொன்னால் அவரும் ஆமாம் என்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

“எங்க வூட்ல அந்த மாரி சாமான் எதுவும் கெடையாதும்மா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். அவர் எங்கள் வீட்டில் கை நனைத்தவர்.

வேறு என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டார். முந்தின நாள் சரசு கொண்டுவந்த ஏரி நண்டு சாப்பிட்டாள் என்றேன். அது பொய் இல்லை. இளமதிதான் கேட்டு வாங்கி, ஆக்கித் தின்றாள்.

மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்க, நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். உக்கிராணத்தைத் திறந்து காற்றாட விட்டேன். மாத்திரை இருந்த இடத்தில் சாம்பல் போலக் கிடந்ததைக் கூட்டிக் குழி தோண்டிப் புதைத்தேன். இடத்தைக் காட்டுகிறேன். திரும்பிப் போனபோது கலைச்செல்வன் வராந்தா சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். அந்த விஷத்துக்கு மாற்று மருந்தே இல்லை என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். அதை நான் பிடித்துக்கொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் செய்திருக்க வேண்டிய வைத்தியம் வேறு என்று டாக்டரம்மா உங்களிடம் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சரசுவையும் அவள் புருஷன் சுப்ரமணியையும் நீங்கள்தான் விசாரணைக்கு அழைத்துப் போனீர்கள். அதற்கு முன்பே என் மகன் அவர்கள் குடிசைக்குப் போய்ச் சட்டி பானையை உடைத்துவிட்டு வந்திருந்தான். அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“அதே நண்ட நாங்களும்தான துன்னோம் பெரிய்யா. எங்க புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவலியே. உங்களுக்குத் தெரியுமே. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

தெரியும்தான். நான் உள்ளே போய்விட்டேன். இப்போது அவர்களை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

சாவு விழுந்த வீடு என்று வாலாஜாபாத்துக்காரர்கள் பின்வாங்கவில்லை. சொன்னபடி தையில் தாலி ஏறியது. கீர்த்தி நன்றாக இருக்கிறாள். என் மகன் என்னோடு பேசுகிறான், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. இங்கிருந்து நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். யாரும் என்னை அழைத்து வரவில்லை. சரசு உங்களிடம் சொன்னது ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் உக்கிராணம் முழுக்க வண்டு அடித்துக் கிடந்ததாம், சம்பந்தி வீட்டாருக்கே அந்த அரிசியைத்தான் வடித்துப் போட்டோமாம். டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அது தவறு. வண்டு இருந்தது ஒரே ஒரு மூட்டையில். மற்ற மூட்டைகள் எல்லாம் சுத்தம். இளமதியின் கருமாதிக்கு அவற்றிலிருந்துதான் வடித்தோம். ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. ஒருவர் இலையிலும் ஒரு வண்டு கிடக்கவில்லை.