கடைசியில இருக்கிற வரி

இல்ல சார், நான் உக்கார மாட்டேன். நின்னுக்கிட்டே சொல்றேன். அந்த நர்ஸ் பொண்ணை வேலையை விட்டுத் தூக்கறதுக்கு முன்னாடி, இந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதுற எங்க செக்‌ஷன்ல இருந்து ஒருத்தி சொல்றதையும் காதுல வாங்குங்க.

நேத்து காலையில எடுத்த ரத்தத்துல, வார்டுல இருந்த அந்த மனுஷனுக்குச் சர்க்கரை சரியா இருந்துச்சு. மதியம் எடுத்ததுல படுமோசமா எறங்கிடுச்சு. லேப் மெஷின் அதை ஃபைல்ல எழுதப் போச்சு, எழுத முடியல. ஸ்க்ரீன்ல காலை ரிசல்ட்டே நின்னுச்சு. அவ அதைப் படிச்சுச் சொன்னா, டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னார், அந்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசல்கிட்டயே சுருண்டு விழுந்துட்டார். இன்னும் கண்ணு முழிக்கல.

என்னது? அவ நேரத்தைப் பாத்திருக்கணுமா? எங்க ஸ்க்ரீன்ல நேரமே வராது சார்! எதைப் பாப்பா, உங்க மூஞ்சியையா? மன்னிச்சுக்கோங்க. இல்ல, எதுக்கு மன்னிப்பு?

ஏன் எழுத முடியலையா? ஸ்க்ரீன்ல காட்ட எங்க ப்ரோக்ராம் அந்த ஃபைலைத் திறந்தா, படிச்சதும் மூடணும், இல்லேன்னா வேற எதுவும் அதுல எழுத முடியாது. எங்க ப்ரோக்ராம்ல மூடுற வரி இல்லேங்கல, இருக்கு. ஆனா கடைசியில இருக்கு. நடுவுல ஃபைல்ல ஒரு வரி அரைகுறையா வந்தா போதும், ப்ரோக்ராம் அங்கேருந்தே எகிறிடும், கடைசி வரைக்கும் போகவே போகாது. ரூமை உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு, ஜன்னல் வழியா எவனோ குதிச்சு ஓடின மாதிரி. வெளிய நிக்கறவன் தட்டிக்கிட்டே கெடக்க வேண்டியதுதான். அதை விடக் கொடுமை, தப்பு வந்தா யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு வேற அதுல எழுதி வச்சிருக்கு.

சரிபண்ண எவ்வளவு வேலையா? எப்படி வெளிய வந்தாலும் மூடிட்டு வான்னு, திறக்கிற எடத்துலயே ஒரு வரி. ஒரே ஒரு வரி சார்! தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஓடுற ப்ரோக்ராம்ல கை வைக்காதேன்னாங்க. இப்ப பழியை மட்டும் அந்த வாயில்லாப் பூச்சி தலையில கட்டுறீங்க.

மெஷின் கோளாறா? வேணாம் சார், பூசி மெழுகாதீங்க. மெஷின் அது வேலையை ஒழுங்காத்தான் செஞ்சுச்சு.

எழுதினது யாருன்னா, எங்க செக்‌ஷன் தலைவர்தான். அதோ வெளிய பெஞ்சுல அந்தப் பொண்ணு பக்கத்துலயே உக்காந்திருக்கார் பாருங்க. இன்னைக்குக் காலையில கண்ணாடி முன்னாடி தலை சீவிக்கிட்டே, பழியை நர்ஸ் மேலயே போட்டுடு, நம்ம பிள்ளைங்களைப் பாருன்னார்.

ஆமா சார், என் வீட்டுக்காரர். கூப்பிடட்டுமா?