நூத்திப்பன்னெண்டாம் பக்கம்

…இன்னையோட ஒம்பது நாளாச்சும்மா. சட்ட ரெண்டு, மாத்திர டப்பா, அப்புறம் என் புத்தகம். அம்புட்டுதான் எடுத்துட்டுப் போனாரு எங்க வீட்டுக்காரரு. எழுமலையில அவுக அக்கா வீட்டுல போயி உக்காந்துக்கிட்டாரு. சட்டைய எடுத்துட்டுப் போகட்டும், யாரு வேணான்னா? என் புத்தகத்த எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?

நீ படிம்மா, நான் தொந்தரவு பண்ணல. பஸ்சுல பக்கத்துல உக்காந்திருக்க, உன் கையில புத்தகத்தப் பாத்ததும் பேச வாய் வந்துருச்சு. மொத தடவயா படிக்கிற? அப்பச் சரி. அதுல ஒரு வம்பும் இல்ல. திரும்பத் திரும்பப் படிக்கிறோம் பாத்தியா, அதுலதான் குடும்பம் ஆட்டங்காணுது.

கல்யாணத்துக்கு முந்தி திலகர் திடல் சந்தையில வாங்குனது அது. ஆளரவம் இல்லாத ஊர்ல ஒரு ரயில் டேசன். அங்க ஒரு டேசன் மாஸ்டர், அவன் பொண்டாட்டி. அவன் வாயே தொறக்கமாட்டான். ஒருநா யார்ட்டயும் சொல்லாம ரயிலேறிப் போயிருவான். கதை இம்புட்டுதான். பதினாலு தடவ படிச்சிருக்கேன். கரண்டு போன நேரத்துல நம்ம வீட்டுக்குள்ள நடக்குற மாதிரிம்மா, கதவு எங்கன்னு கை தேடாது. அது ஒரு சொகம்.

ஆனா இருபத்திரெண்டு வயசுல படிச்சப்ப, ஆகா, பேசாத ஆம்பளைக்கு மனசு ஆழம்னு தோணுச்சு. அத அப்படியே பென்சில்ல ஓரத்துல எழுதி வச்சேன். அந்த நெனப்புலதான் இந்த மனுசனக் கட்டிக்கிட்டேன். பஸ்சு டிரைவரு, பொண்ணு பாக்க வந்தப்ப காப்பி நல்லாருக்குன்னுகூடச் சொல்லல. சரிதான், ஆழமான ஆளுன்னு நெனச்சேன். பன்னெண்டு வருசங்கழிச்சுத் திரும்பப் படிக்கிறேன், அந்த டேசன் மாஸ்டரப் பாத்தாலே எரியுது. நூத்திப்பன்னெண்டாம் பக்கத்துல எழுதுனேன்… ‘பேசாதவனுக்கு மனசு ஆழமில்ல, மனசே இல்ல. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. இவன் பொண்டாட்டியாச்சும் போற வார ரயிலப் பாத்தா. நான் சுவத்தப் பாக்குறேன்.’

அதத்தான் படிச்சிட்டாரு.

திருட்டுத்தனமா எடுத்தாருன்னு நெனைக்காத. நாந்தான் கையில குடுத்தேன். வண்டியில இருந்து விழுந்து காலு முறிஞ்சு ரெண்டு மாசம் கட்டுல்ல கெடந்தாரு. முப்பது வருசமா ஒரு புத்தகம் தொட்டதில்ல, சும்மாதான கெடக்கீக, படிங்க படிங்கன்னு நச்சரிச்சு நெஞ்சுல வச்சேன். ஓரத்துல நான் எழுதுனது சுத்தமா மறந்துபோச்சு. அவரு வெரல வச்சு, ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாரு. கட்டுப் பிரிச்ச மறுநா, காப்பியக் கொண்டுபோயி வைக்கிறேன், கட்டுலு காலியாக் கெடக்கு.

அவுக அக்கா சோலையம்மா மதினிட்ட போன் போட்டேன். சாப்பிடுறான், தூங்குறான், புத்தகத்த மடியில வச்சிருக்கான், பக்கத்தத் திருப்பமாட்டேங்கறான்னு சொல்றாக. நூத்திப்பன்னெண்டுலயே நிக்கிறாரு போல. மொத தடவ படிக்கிற ஆளுககிட்ட இதான் தொல்ல, பாதியில கோவிச்சுக்கிருவாக.

தாண்டிப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்… போன வருசம் படிச்சப்பதான் எனக்கே ஒண்ணு பட்டுச்சு. கதை முழுக்க அந்தப் பொண்டாட்டி பேசிக்கிட்டே இருக்கா. சாப்டீகளான்னு கேப்பா, அவன் வாயத் தொறக்குறதுக்குள்ள அடுத்ததுக்குத் தாவிருவா. முன்னூறு பக்கத்துல அவன ஒரு வார்த்த சொல்ல விடல. பதிமூணு தடவ படிச்சும் இது என் கண்ணுல படலியேன்னு புத்தகத்த மூடி வச்சிட்டு அழுதேன். பாவம் இந்த மனுசன், நம்ம வீட்டு மனுசனுந்தான்னு கடைசிப் பக்கத்துல எழுதி வச்சேன்.

அதத்தான் மதினிட்டச் சொன்னேன், கடைசிப் பக்கத்தப் பாக்கச் சொல்லுங்கன்னு. அவுகளே வாங்கிப் பாத்துட்டுச் சொல்றாக, ‘வெறும் பக்கமால்ல இருக்கு ரெங்கம்மா’ன்னு.

திட்டுனத எல்லாம் எழுதி வச்சவ, இத மனசுல நெனச்சதோட விட்டிருக்கேன்.

அதான் நேர்லயே சொல்லிருவோம்னு வாரேன். போனதும் அவர ஒரு கேள்வி கேக்கணும், கேட்டுட்டுச் சும்மா இருக்கணும். என்ன கேக்கலாம், நீ சொல்லு? கால் வலி எப்பிடின்னு கேக்கச் சொல்லுவ, அது மதினிட்டயே கேட்டாச்சு. எம்மேல கோவமான்னு கேக்கச் சொல்லுவ, கோவந்தான், அதுல என்ன கேள்வி… ஏம்மா, எந்திரிச்சிட்ட? இது உசிலம்பட்டிதான. நீ எழுமலைக்குல்ல டிக்கெட் எடுத்த?

சரி… செக்கானூரணி தாண்டுனதுல இருந்து பேசிக்கிட்டு வாரேன், உம் பேரக்கூட நான் கேக்கல பாரு. பேரு என்னன்னு சொல்லிட்டு எறங்கு தாயி. நான் குறுக்க பேசல.