ஓடைக்குக் குறுக்கே வெள்ளைக் கற்கள்

ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றுவதற்கு முன்னால் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் மூடி வைக்க வேண்டும். பிறகு அதைக் கொட்டிவிட்டுக் காபியை ஊற்றினால் சாயங்காலம் வரைக்கும் நாக்கைச் சுடும். உங்கள் ஸ்டேஷனில் யாருக்கும் இந்த வழக்கம் இல்லை போலிருக்கிறது, இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடிக்கலாம். தனியாக உட்கார்ந்து குடிக்கும் நல்ல காபியைவிட, எதிரே ஓர் ஆள் இருக்கும்போது குடிக்கும் ஆறின காபி எவ்வளவோ மேல்.

ஒண்டிக்கட்டையின் ஜீப்பில் அவ்வளவு பெரிய ஃபிளாஸ்க்கும் நாலு டம்ளரும் இரண்டு கம்பளியும் எதற்கு என்று கேட்டீர்கள். சொல்கிறேன். வண்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

நான் மைசூர் சர்க்கார் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்தவன். என் தகப்பனாரும் சமஸ்தான உத்தியோகம்தான். நான் ரிட்டையர் ஆன வருஷமே என் மனைவி அலர்மேல்மங்கை போய்ச் சேர்ந்தாள். குழந்தைகள் இல்லை. மல்லேஸ்வரம் வீட்டைத் தம்பி குடும்பத்துக்கு விட்டுவிட்டு, காக்ஸ் டவுன் பக்கம் ஷெட் வைத்த ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்கு வந்தேன். ஷெட் எதற்கென்றால், குடகுக் காபித் தோட்டக்காரர் ஒருவர் தன் பழைய ராணுவ ஜீப்பைத் தள்ளிவிடப் பார்த்தார், நான் வாங்கிவிட்டேன். வீட்டில் பேச ஆளில்லை, வண்டியாவது சத்தம் போடட்டும் என்று நினைத்தேன்.

முதலில் அதை வைத்துக்கொண்டு நான் போட்ட பழைய ரோடுகளைப் பார்க்கப் போனேன். ஆனேக்கல் தாண்டி ரோடு முடிகிற இடம் வரைக்கும் போவேன். பிறகு ரோடு முடிந்தபின்னும் போக ஆசை வந்தது. ஜீவனஹள்ளியில் அலெக்சாண்டர் என்று ஒரு வெல்டர். அவனிடம் சொல்லி ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து வண்டியை உயர்த்தினேன். அடுத்த மழைக்காலத்துக்குள் கட்டை கட்டையாகப் பூப்போட்ட பெரிய டயர்கள் வந்தன. அதற்கடுத்து, தண்ணீர் ஏறாமலிருக்க சைலன்சர் குழாயை வளைத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மேலே கொண்டுபோனோம்.

"இன்னும் என்னாத்த சார் ஏத்தறது?" என்றான் அலெக்சாண்டர். "இதுக்கு மேல போனா நீங்க ஏணி வச்சுத்தான் ஏறணும். மாட்லாடறதுக்கு, பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்னா நம்ம கடைக்கு வாங்க, அதுக்குப் போயி காட்டுக்கா போவாங்க?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் உண்மை அதுதான். யாரும் போக முடியாத இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தேன். அங்கே யாரும் இல்லை. பாறையில் உட்கார்ந்து பூரி தின்றுவிட்டுத் திரும்பி வருவேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலே எனக்கு மறந்துபோகும். திங்கட்கிழமை காலையில் பால்காரனிடம் பேச வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும்.

அப்போதுதான் அந்த ஓடையில் அப்பாதுரையின் கார் மாட்டிக்கொண்டது.

ஓடை உங்களுக்குத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் முனீஸ்வரன் கோவில். கன்டோன்மென்ட்டில் துணிக்கடை வைத்திருக்கும் அப்பாதுரைக்கு அது குலதெய்வம். அமாவாசைக்கு அமாவாசை அவரும் அவர் மனைவி காந்தாவும் ஆஸ்டின் காரில் வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். ஓடைக்குப் பாலம் கிடையாது. தண்ணீருக்கு அடியில் ஒரு பாறை வரிசை இருக்கிறது, அதன் மேலேயே போனால் முழங்கால் ஆழம்தான். ஆனால் அந்த வரிசை நேராகப் போகாது, நடுவில் ஒடிந்து திரும்பும். திருப்பத்துக்குக் கீழே மடு. அதனால்தான் பாறை வரிசையின் ஓரம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த கற்களை வைத்திருக்கிறோம். வெளியூர்க்காரன்கூட வெள்ளைக் கல்லைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் கரையேறிவிடலாம்.

அந்தக் கற்களை முதலில் வைத்தவன் நான். ஓவர்சியராக இருந்தபோது, கம்பு ஊன்றி ஆழம் பார்த்து, ஒவ்வொன்றாக வைத்தேன்.

முதல் தடவை நான் எதுவும் செய்யவில்லை. காந்தாவைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் கார் தானாகத்தான் மணலில் இறங்கியது. நான் தற்செயலாக வந்தேன், கயிறு கட்டி இழுத்தேன். கோவிலில் இலை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். காந்தா என் பக்கத்தில் நின்று பொங்கலுக்கு நெய் விட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க. கூடப் பொறந்த அண்ணன் மாதிரி வந்தீங்க. பேர் என்னங்க?"

"தேசிகன்."

"தேசிகண்ணா. அடுத்த அமாவாசைக்கும் நீங்க வந்தே ஆகணும், ஆமா."

அப்பாதுரை சிரித்தார். "வர்லேன்னா இவ கார்லருந்தே எறங்க மாட்டா சார்."

நான் போனேன். வின்ச் பொருத்தியது அந்த மாதம்தான். ராணுவ லாரியிலிருந்து கழற்றிய வின்ச், எஞ்சின் பலத்திலேயே கம்பியைச் சுருட்டும். ஆனால் அந்த அமாவாசை ஓடையில் தண்ணீர் குறைவு. அவர்கள் தாங்களே கடந்து போனார்கள். நான் கரையில் நின்றேன். அப்பாதுரை ஹார்ன் அடித்துக் கையை ஆட்டினார், அவ்வளவுதான். காந்தா மடியில் இருந்த பூக்கூடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. அதற்கடுத்த அமாவாசையும் அப்படியே. ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. கோபம் இல்லை. வருத்தம்தான். வீட்டுக்கு வந்து ஷெட்டைத் திறக்கக்கூட மனமில்லாமல் வண்டியைத் தெருவிலேயே நிறுத்தினேன்.

மூன்றாவது அமாவாசைக்கு முன்னால் ஒரு கல்லை நகர்த்தினேன். ஒரே ஒரு கல், ஒரு கை தூரம். மடுப் பக்கம் இல்லை, மணல் பக்கம். ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

கார் மணலில் இறங்கியதும், நான் கண்ணில் படுவதற்கு முன்பே, காந்தா கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டாள். "தேசிகண்ணா! தேசிகண்ணா!" உங்கள் பெயரை யாராவது அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்களா, இன்ஸ்பெக்டர்? கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் குடும்பஸ்தர். அலர்மேல்மங்கை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அந்தக் காலத்து வழக்கம். ஆபீசில் ஓவர்சியர் சார். ஒரு மனுஷி தண்ணீருக்கு நடுவிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வண்டியைக் கிளப்பும்போது என் கண்ணில் நீர் வந்தது.

அதற்குப் பிறகு வண்டி நன்றாக வளர்ந்தது. முன்னும் பின்னும் கொக்கிகள் வைத்தேன். தண்ணீரில் இறங்கும் முன் விசிறி பெல்ட்டைக் கழற்றக் கற்றுக்கொண்டேன், விசிறி சுற்றினால் தண்ணீரை வாரி எஞ்சின்மேல் அடிக்கும். பின்சீட்டுக்குப் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னேன், நனைந்து வருகிறவர்கள் உட்கார. கம்பளி வாங்கினேன். ஃபிளாஸ்க் வாங்கினேன். மற்ற கார்களும் மாட்டின. எல்லோரையும் இழுத்து விட்டேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஆனால் இலை போட்டு உட்கார வைத்தது அப்பாதுரை வீட்டார் மட்டும்தான்.

ஊர்க்காரன் முனிராஜ்தான் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பவன். அவன் ஒருநாள் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

"சார், ஹொளே பொங்கி வந்ததுல கல்லு நகந்துடுச்சு போல கீது. எங்க வெக்கறதுன்னு எனக்குக் கொத்தில்ல. மொதல்ல வெச்சதே நீங்கதானே, நீங்களே பாத்து வெச்சிடுங்க சார். நான் சுண்ணாம்பு அடிச்சுட்டுப் போறேன்."

அதன்பிறகு நான் வைத்த இடத்தில் அவன் சுண்ணாம்பு அடித்தான். இதை நினைத்துப் பாருங்கள். வெள்ளை அடித்த கல்லை இந்தப் பக்கத்தில் யாரும் கம்பு விட்டுப் பார்ப்பதில்லை. சர்க்கார் கல் பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உண்டாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பாலம்தான் கெடுத்தது.

ஆவணி அமாவாசையன்று இலையில் உட்கார்ந்திருந்தபோது அப்பாதுரை சொன்னார். "கேள்விப்பட்டீங்களா சார், பாலம் சாங்ஷன் ஆயிடுச்சாம். மழை விட்டதும் வேலை ஆரம்பிக்கிறாங்களாம்."

காந்தாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்பாடா. இனிமே உங்களுக்கும் தொந்தரவு இல்ல அண்ணா. பாவம், எங்களுக்காக எத்தன தடவ சேத்துல எறங்கியிருப்பீங்க."

அவள் அதை அன்போடுதான் சொன்னாள். நான் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பாலம் வந்துவிட்டால் அவர்கள் ஹார்ன்கூட அடிக்காமல் போவார்கள். நான் செய்து வைத்த வண்டிக்கு வேலை இருக்காது. திங்கட்கிழமைகளில் மறுபடியும் தொண்டை கட்டும். மிச்சமிருந்தது மகாளய அமாவாசை ஒன்றுதான். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க மறக்காதபடி ஒரே ஒரு தடவை காப்பாற்றிவிட்டால் போதும், பிறகு பாலம் வந்தாலும் வராவிட்டாலும் நம்மை விடமாட்டார்கள் என்று நினைத்தேன். சின்னப் பயத்துக்குச் சின்ன நன்றி. பெரிய பயத்துக்குத்தான் உறவு. இதில் எங்கே தப்பு என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன்.

திருப்பத்தில் இருந்த கற்களை எடுத்து, வரிசையை நேராக மடுவுக்குக் கொண்டுபோனேன். முனிராஜ் சுண்ணாம்பு அடித்தான்.

அன்றைக்கு மேற்கே நல்ல மழை. தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. வழக்கமாகக் கரையில் கண்ணில் படும்படி நிற்பேன். அன்று மேட்டில் புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் அதில் என்ன இருக்கிறது? பெல்ட்டைக் கழற்றி வைத்திருந்தேன். அது இல்லாமல் எஞ்சின் ஓடினால் சூடேறிவிடும், ஆனாலும் தயாராக இருக்கட்டும் என்று ஓடவிட்டிருந்தேன். வின்ச் கம்பியின் கொக்கி என் மடியில் இருந்தது.

ஆஸ்டின் வந்தது. வெள்ளைக் கற்களை ஒட்டியே மெதுவாக, பயமில்லாமல் வந்தது. முன்பக்கம் திடீரென்று குனிந்தது. அப்பாதுரை இருந்த பக்கம் கதவு திறந்துகொண்டது, தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு வேரில் மாட்டியது. காந்தா உள்ளேயே இருந்தாள்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் இறங்கினேன், வின்ச் ஒரு தடவைகூடத் திணறாமல் காரை இழுத்துக் கரையில் போட்டது. அதற்குள் அவளுக்கு எல்லாம் முடிந்திருந்தது. அப்பாதுரையைக் கம்பளியில் சுற்றிப் பின்சீட்டில் உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். காபி சூடாகத்தான் இருந்தது. அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க வந்தீங்களே சார், நீங்களாவது வந்தீங்களே." காரியத்தன்று என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். சொந்த மச்சான்கள் பின்னால் நின்றார்கள்.

தண்ணீர் வடிந்து கற்கள் மடுவுக்குள் போவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபிறகு நீங்கள் வந்தீர்கள். முனிராஜ் சொன்னது உண்மை, கற்களை நான்தான் வைத்தேன், தெரிந்தே வைத்தேன். இதில் மறைக்க எதுவும் இல்லை. அவன் எதிர்க்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம், கயிறு இல்லாமல் தவித்தானாம். அந்த அம்மா ரொம்ப நேரம் கத்தினாள், ஜீப் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தது என்று சொல்லியிருக்கிறான். அதுவும் உண்மைதான். எஞ்சின் சத்தத்தில் கேட்காமலிருந்திருக்கும் என்று நீங்கள் எனக்காக ஒரு வழி விடுகிறீர்கள், உங்கள் நல்ல மனசு. ஆனால் எஞ்சினை நான் அணைத்துவிட்டேன். சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அணைத்தேன்.

காந்தாவை நான் கொல்ல நினைக்கவில்லை. கொக்கி என் கையில் இருந்தது, சாவி திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அவள் மட்டும் ஒழுங்காகக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். தண்ணீர் கழுத்துக்கு வரும் வரைக்கும், அதற்குப் பிறகும், "யாராச்சும் வாங்களேன், யாராச்சும் வாங்களேன்" என்றுதான் கத்திக்கொண்டிருந்தாள். என் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரியும், இன்ஸ்பெக்டர்.