அவளுக்கும் ஒரு கதிரை

ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து புறப்பட்ட ரயிலில் எனக்கு எதிரே ஒரு தமிழ்த் தம்பதி இருந்தார்கள். கணவரின் முழங்கால்களுக்கிடையே, உறைந்த ஏரியைத் துளைக்கிற நீளமான துறப்பணம் புத்தம் புதிதாக நின்றது.

"ஐஸில ஓட்டை போட எனக்குத் தடையில்லை. மீன் பிடிக்கத்தான் ஏலாது," என்றார் அவர்.

"மெல்லக் கதையுங்கோ."

"மீன்பிடி லைசென்ஸ் சோதினையில நான் பெயில், நீர் பாஸ். ஏரி உறைஞ்ச உடனை என்னோடை வேலை செய்யிற ஆக்கள் என்னை மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போகப்போகினம். ஊரில கடல்தொழில் செய்தனான் எண்டு அவைக்குத் தெரியும். என்னெண்டு சொல்லுறது?"

"மீன்ரை படத்தைக் காட்டி ஜெர்மன் பேர் கேட்டா நீங்கள் என்ன செய்யிறது?"

"உமக்குத் தெரிஞ்சுதே."

"உங்களுக்குச் சொல்லித்தரத்தானே நானும் படிச்சனான். ரெண்டு மூண்டைப் பிழையாச் சொல்லியிருக்கலாம் எண்டு இப்ப நினைக்கிறன். பாஸ் பண்ணினது வெக்கமாக் கிடக்கு."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"வெக்கம் எனக்குத்தான். நேற்று நீர் பாஸ் எண்ட உடனை, நான் உம்மடை முகத்தைக்கூடப் பாக்கேல்லை."

பிறகு போனை எடுத்து, கூட வேலை செய்யும் ஒருவரை அழைத்தார். தான் சோதனையில் தவறிவிட்டதாகவும், மனைவி தேறிவிட்டதாகவும் தடுமாறிய ஜெர்மனில் சொன்னார். மறுமுனையில் எழுந்த சிரிப்பு எனக்கே கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் சிரிப்பு அடங்கும்வரை போனை வைக்கவில்லை. பிறகு, மீன் பிடிக்கப்போவது அவள்தான், உட்கார அவளுக்கும் ஒரு மடக்குக் கதிரை கொண்டுவாருங்கள் என்றார்.